தண்டையார்பேட்டை வாசலிலிருந்து சிங்கப்பூர் வரை: தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நாமே கணக்குப் போடுவது எப்படி

எங்கள் தெருவில் யாராவது வெளிநாட்டுக்குக் கிளம்பினால் முதல் கேள்வி "எவ்வளவு தூரம்?", அடுத்த கேள்வி "எவ்வளவு நேரம் ஆகும்?" தொலைபேசியில் தட்டினால் இரண்டுக்கும் உடனே பதில் வந்துவிடும். ஆனால் அந்த நேரத்தில் ஓடுபாதையில் ஊர்ந்து போகும் நிமிடங்கள் சேர்ந்திருக்கின்றனவா, சிங்கப்பூர்க் கடிகாரத்துக்கும் நம் கடிகாரத்துக்கும் உள்ள வித்தியாசம் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று அது சொல்வதில்லை. வடசென்னையிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் போய்ச் சேரும் நேரமோ அந்தக் கணக்கிலேயே கிடையாது.

என் சித்தி மகன் முதல்முறை சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன அன்று நடந்ததற்குப் பிறகுதான் இதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். என்ன நடந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். கையில் ஒரு தாளும் கால்குலேட்டரும் இருந்தால் போதும், இந்தக் கணக்கை யாரும் போடலாம். சென்னை–சிங்கப்பூரை உதாரணமாக வைத்துக்கொள்வோம், நடுநடுவே துபாயையும் தொட்டுக்கொள்வோம். நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் போகும் ஊர்களில் இவை இரண்டும் உண்டே.

முதலில், தூரம் என்றால் எந்தத் தூரம்?

சுவரில் மாட்டிய உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்ததில் தூரங்கள் இழுபட்டுப் போயிருக்கும். உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நூலை இறுக்கிப் பிடித்தால் வரும் பாதைதான் உண்மையான குறுக்குவழி. இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள்.

பிள்ளைகளின் பள்ளி உலக உருண்டை வீட்டில் இருந்தால் இப்போதே செய்து பாருங்கள். நான் காசிமேட்டில் வாங்கிய தூண்டில் நரம்பு ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன். சாதாரண நூல் இழுத்தால் நீளும், நரம்பு அவ்வளவு நீளாது. முதலில் நிலநடுக்கோட்டைச் சுற்றி ஒரு வட்டம்: எங்கள் வீட்டு உருண்டையில் 63 செ.மீ. வந்தது. அப்புறம் சென்னையில் கட்டைவிரலால் ஒரு முனையை அழுத்தி, மறுமுனையைச் சிங்கப்பூரில் வைத்து இழுத்தால் 4.6 செ.மீ. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. ஆகவே 4.6-ஐ 40,000-ஆல் பெருக்கி 63-ஆல் வகுக்க வேண்டும். விடை 2,921 கி.மீ. ஒரு பொம்மை உருண்டையும் ஒரு துண்டு நரம்பும் இந்த அளவுக்குச் சரியாகச் சொல்லும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

உருண்டை இல்லாதவர்கள் கடல் மைலில் போடலாம்

இது எனக்கு மிகவும் பிடித்த வழி. காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுபவர்கள் தினமும் பயன்படுத்தும் கணக்கு இதுதான். அவர்களுடைய ஜிபிஎஸ் கருவியில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் இருக்கும், தூரம் கடல் மைலில் வரும். கடல் மைல் ஏதோ மனம்போன போக்கில் வைத்த அளவு கிடையாது. அட்சரேகையில் ஒரு பாகையை 60 பங்காக்கினால் ஒரு பங்கு ஏறத்தாழ ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. விமானிகளும் இதே அளவில்தான் பேசுகிறார்கள். ஒரு மணிக்கு ஒரு கடல் மைல் போனால் அது ஒரு நாட். படகுக்கும் அதே நாட்தான், விமானத்துக்கும் அதே நாட்தான்.

சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 13.0 பாகை வடக்கு, 80.2 பாகை கிழக்கு. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் 1.4 வடக்கு, 104.0 கிழக்கு. இனிக் கணக்கு.

வடக்கு–தெற்கு வித்தியாசம் 11.6 பாகை. 60-ஆல் பெருக்கினால் 696 கடல் மைல்.

கிழக்கு–மேற்கு வித்தியாசம் 23.8 பாகை. 60-ஆல் பெருக்கினால் 1,428. இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகத் தீர்க்கரேகைகள் நெருங்கிக்கொண்டே போகும். அதனால் இரண்டு ஊர்களுக்கும் நடு அட்சரேகையின் கொசைன் (கால்குலேட்டரில் cos) மதிப்பால் பெருக்க வேண்டும். நடு அட்சரேகை 7.2 பாகை, அதன் கொசைன் 0.992. ஆக 1,417 கடல் மைல்.

இப்போது பள்ளியில் படித்த பிதாகரஸ். 696-இன் வர்க்கத்தையும் 1,417-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 1,579 கடல் மைல். 1.852-ஆல் பெருக்கினால் 2,924 கி.மீ. உருண்டை சொன்னதும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்றே.

துபாய்க்கு (25.3 வடக்கு, 55.4 கிழக்கு) இதே கணக்கைப் போட்டால் 2,940 கி.மீ. வருகிறது. இதைப் பார்த்ததும் நான் இரண்டாம் தடவை போட்டுச் சரிபார்த்தேன். கிழக்கே சிங்கப்பூரும் மேற்கே துபாயும் சென்னையிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம்! இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ராயபுரத்திலிருந்து மீனம்பாக்கம் போகும் தூரம்கூட இல்லை. ஒரு பிள்ளை அங்கேயும் ஒரு பிள்ளை இங்கேயும் இருக்கும் வீடுகள் நம் பக்கத்தில் எத்தனையோ. இருவருமே வீட்டிலிருந்து சம தூரத்தில்தான் இருக்கிறார்கள்.

இந்தப் பிதாகரஸ் வழி மூவாயிரம் கி.மீ. வரைக்கும் நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களுக்கும் நன்றாக ஒத்துவரும். லண்டன், நியூயார்க் மாதிரித் தொலைவுக்கு இது வேண்டாம், அதற்கு உருண்டையும் நரம்புமே மேல்.

தூரத்தை நேரமாக மாற்றுவது

விசைப்படகு எட்டு நாட் வேகத்தில் இடைவிடாமல் போனால் சிங்கப்பூருக்கு 197 மணி நேரம், அதாவது எட்டு நாளுக்கு மேல். 'ரஜூலா', அதற்குப் பின் 'எம்.வி. சிதம்பரம்' என்று சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணிகள் கப்பல் ஓடிய காலத்தில், வழித் துறைமுகங்களில் நின்று போக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். 1985-இல் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழி முடிந்தது. ராயபுரத்திலும் மண்ணடியிலும் பெரியவர்கள் இன்னும் அந்தக் கப்பல்களின் பெயரைச் சொல்வார்கள்.

விமானம் உயரத்துக்குப் போன பிறகு சுமார் 450 நாட் வேகம் எடுக்கும். 1,579-ஐ 450-ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரம். ஆனால் டிக்கெட்டில் நாலு மணிக்கு மேல் போட்டிருக்கும். மீதி எங்கே போனது?

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. விமானச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, அந்த ஊரில் நின்று மறுபடி கட்டை வைக்கும் நொடி வரைக்கும் உள்ள நேரம் அது. ஓடுபாதை வரை ஊர்வது, வரிசையில் காத்திருப்பது, ஏறும்போதும் இறங்கும்போதும் உள்ள குறைந்த வேகம் எல்லாம் அதற்குள் அடக்கம். வழியும் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்காது. வான்வழித் தடங்களை ஒட்டிப் போவதால் கொஞ்சம் கூடும். இதற்கெல்லாம் மேலே, தாமதமானாலும் சமாளிக்க விமான நிறுவனங்கள் சில நிமிடங்கள் சேர்த்தே போடுகின்றன. நேரத்தில் கிளம்பிய விமானம் சொன்ன நேரத்துக்கு முன்பே இறங்குவது இதனால்தான்.

எளிதான வழி ஒன்று சொல்கிறேன். கி.மீ. தூரத்தை 800-ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள். சிங்கப்பூருக்கு 2,924-ஐ 800-ஆல் வகுத்தால் 3 மணி 39 நிமிடம், அரை மணி சேர்த்தால் 4 மணி 9 நிமிடம். கொழும்பு சுமார் 645 கி.மீ., விடை 1 மணி 18 நிமிடம். அந்தமானின் போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சுமார் 1,370 கி.மீ., 2 மணி 13 நிமிடம். டில்லி சுமார் 1,760 கி.மீ., 2 மணி 42 நிமிடம். உங்கள் டிக்கெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பத்து பதினைந்து நிமிடம்தான் முன்பின் இருக்கும்.

காற்றின் பங்கு

"பூமி கிழக்கே சுற்றுவதால் மேற்கே போகும் விமானம் சீக்கிரம் போகும்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறு. பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்தே சுற்றுகிறது, விமானம் அந்தக் காற்றுக்குள்தான் நீந்துகிறது. நேரத்தை மாற்றுவது காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதே.

துபாய் வழியில் இது நன்றாகத் தெரியும். குளிர்காலத்தில் மேல் வானில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமான காற்றோட்டம் இருக்கும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது தள்ளுகாற்று. அதனால் போக நாலே கால் மணி ஆகும் வழியில் வரும்போது நாலு மணிக்குள்ளேயே வந்துவிடலாம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நிலைமை வேறு. அப்போது தென்னிந்தியாவுக்கு மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு வேகக் காற்று ஓடும். 1950களில் இதைக் கண்டறிந்து சொன்னவர் பி. கோடீஸ்வரம் என்ற நம் நாட்டு வானிலை அறிஞர். பின்னாளில் இந்திய வானிலைத் துறைக்கே தலைவராக இருந்தவர். சிங்கப்பூர் வழி நிலநடுக்கோட்டை நெருங்கிப் போவதால் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.

கடிகார வித்தியாசம்: அதிகம் பேர் தடுமாறும் இடம்

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கடிகாரப்படி, சேரும் நேரம் சேரும் ஊர்க் கடிகாரப்படி. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முன்னால், துபாய் ஒன்றரை மணி பின்னால்.

இரவு 11.30-க்குச் சென்னையில் ஏறி, காலை 6.10-க்குச் சிங்கப்பூரில் இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் 6 மணி 40 நிமிடம். இரண்டரையைக் கழித்தால் உண்மையான நேரம் 4 மணி 10 நிமிடம். திரும்பும்போது அங்கே இரவு 8.30-க்கு ஏறி இங்கே 10.10-க்கு இறங்கினால் ஒன்றே முக்கால் மணிகூட இல்லாத மாதிரித் தெரியும். இரண்டரையைக் கூட்டுங்கள், அதே 4 மணி 10 நிமிடம். கூட்டுவதா கழிப்பதா என்று குழம்பினால், இரண்டு நேரத்தையும் சென்னை நேரமாக மாற்றி எழுதிவிட்டு அப்புறம் கழியுங்கள். காலை 6.10 அங்கே என்றால் இங்கே 3.40. இரவு 11.30 முதல் 3.40 வரை என்று விரல்விட்டே எண்ணிவிடலாம். என் அம்மா இப்படித்தான் கணக்கு வைத்துக்கொள்வார், ஒருநாளும் தவறியதில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். காலை ஆறு மணிக்குச் சாங்கியில் இறங்கினால் வெளியே இருட்டாக இருக்கும், விடிய ஏழு மணி ஆகும். சூரியனை வைத்துப் பார்த்தால், ஒரு பாகைக்கு நாலு நிமிடம் வீதம் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் 95 நிமிடம்தான் வித்தியாசம். கடிகாரத்திலோ 150 நிமிடம். மலேசியாவோடு ஒத்துப்போக 1982-இல் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்தது. நேரம் என்பது மனிதர்கள் கூடி வைத்துக்கொள்வதுதான். இந்திய நேரம் என்ற ஒன்று 1906-இல் வருவதற்கு முன் சென்னைக்கென்று தனி நேரம் இருந்தது: கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால். இந்திய ரயில்கள் இந்தச் சென்னை நேரப்படி ஓடிய காலமும் உண்டு.

நள்ளிரவு தேதி

இனி சித்தி மகன் கதை. அவனுடைய டிக்கெட்டில் 14-ஆம் தேதி, 00:25 என்று இருந்தது. 14-ஆம் தேதி ராத்திரி பன்னிரண்டரை மணி என்று வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டோம், நானும்தான். அன்று மாலை தண்டையார்பேட்டையிலிருந்து வேன் பிடித்து ஒன்பது பேர் போனோம். சித்தி மடியில் முறுக்கும் பருப்புப்பொடியும் வைத்த மஞ்சள் பை. வாசலில் நின்ற காவலர் தாளை வாங்கி, விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்து, தேதியின் மேல் விரலை வைத்து, "தம்பி, இது நேற்று ராத்திரியே போயிடுச்சுப்பா" என்றார். சித்தி அந்தப் பையை வேனில் வைக்காமல் வீடு வரும் வரை மடியிலேயே வைத்திருந்தார். புது டிக்கெட்டுக்கு அவருடைய வளையல் அடகுக்குப் போனது.

00:00 முதல் 03:00 வரை நேரம் போட்ட டிக்கெட் வந்தால், முந்தின நாள் தேதியையும் கிழமையையும் பேனாவால் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். "14-ஆம் தேதி 00:25 என்றால் 13-ஆம் தேதி சாயங்காலம் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்" என்று முழு வாக்கியமாகவே எழுதுங்கள். வீட்டுக் காலண்டரில் 13-ஐச் சுற்றி வட்டம் போடுங்கள், 14-ஐ அல்ல.

வடசென்னையிலிருந்து விமான நிலையம் வரை 25 கிலோமீட்டர்

2,924 கி.மீ.க்கு எவ்வளவு கவனமாகக் கணக்குப் போட்டோமோ அதே கவனம் இந்த 25 கி.மீ.க்கும் வேண்டும். வானில் பத்து நிமிடம் கூடக் குறைய ஆகலாம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டினால் ஒரு மணி நேரமே கரைந்துவிடும். கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட் மூடும், மழைநாளில் வியாசர்பாடி ஜீவா சுரங்கப்பாதையிலும் கணேசபுரம் சுரங்கப்பாதையிலும் தண்ணீர் நிற்கும். இதையெல்லாம் விமான நிறுவனம் கணக்கில் எடுக்காது.

என் முதல் தேர்வு மெட்ரோ. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீல வழித்தடம் வந்த பிறகு நம் பக்கத்துக்குப் பெரிய விடிவு. விம்கோ நகர், திருவொற்றியூர், டோல்கேட், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை எங்கே ஏறினாலும் மாறாமல் நேரே விமான நிலையத்திலேயே இறங்கலாம். தண்டையார்பேட்டையிலிருந்து ஏறத்தாழ 50 நிமிடம், விம்கோ நகரிலிருந்து ஒரு மணி நேரம். முக்கியமாக, அந்த நேரம் மாறுவதில்லை. கணக்குப் போடுகிறவனுக்கு வேகத்தைவிட அதுதான் வேண்டும். பெட்டியை ஸ்கேனரில் போட, லிஃப்ட் பிடிக்க, ரயிலுக்குக் காத்திருக்க, வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஆட்டோவில் போக என்று 25 நிமிடம் தனியாக வையுங்கள். இறங்கும் நிலையத்திலிருந்து பன்னாட்டு முனையத்துக்கு மேம்பால நடைபாதை உண்டு.

மெட்ரோ காலை 5 மணியிலிருந்து இரவு 11 மணி வரைதான். விடியற்காலை 4 மணி துபாய் விமானத்துக்கு ஒரு மணிக்குப் போய் நிற்க வேண்டும் என்றால் கடைசி ரயிலில் முன்கூட்டியே போய் உட்காரலாம், இல்லாவிட்டால் கார்தான். நள்ளிரவில் சாலை காலியாக இருந்தால் முக்கால் மணியில் போய்விடலாம். மாலை ஆறு மணிக்கு அதே வழி ஒன்றரை மணியைத் தாண்டும். மாதவரம், மணலிக்காரர்கள் ஊருக்குள் நுழையாமல் நூறடி ரோடு வழியாகக் கோயம்பேடு, கத்திப்பாரா பிடிப்பது நல்லது.

எல்லாவற்றையும் கூட்டினால்

இரவு 11.30 விமானத்துக்குப் பின்னாலிருந்து முன்னால் எண்ணிக்கொண்டே வாருங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு போக வேண்டும், ஆக 8.30-க்கு விமான நிலையம். பெட்டி போடும் கவுன்டரை வழக்கமாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள் என்பதால் இதில் கை வைக்காதீர்கள். மெட்ரோ 50 நிமிடம், மற்றவை 25 நிமிடம். 7.15-க்குக் கிளம்பலாம் என்று வரும், நான் 7 மணி என்றே வைப்பேன்.

சிங்கப்பூரில் 6.10-க்கு இறங்கி, குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டி எடுத்து வெளியே வர ஒரு மணி நேரம். சிங்கப்பூர் வருகை அட்டையை வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும், அங்கே போய் நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டால் இந்த ஒரு மணி நேரம் நீளும். அப்புறம் எம்ஆர்டி ரயிலில் எக்ஸ்போ நிலையம் வரை போய் டவுன்டவுன் வழித்தடத்துக்கு மாறினால் லிட்டில் இந்தியா. காத்திருப்பது, நடப்பது எல்லாம் சேர்த்து எட்டு மணிக்கு அங்கே இருப்பீர்கள், நம் நேரம் காலை 5.30.

மாலை ஏழிலிருந்து காலை ஐந்தரை வரை பத்தரை மணி நேரம். அதில் விமானத்துக்குள் இருப்பது நாலு மணி பத்து நிமிடம்தான். மறுநாள் காலையிலேயே வேலையில் சேர வேண்டிய பிள்ளைக்கு இந்தப் பத்தரை மணியைச் சொல்லி அனுப்புங்கள். "நாலு மணி நேரம்தானே, தூங்கிட்டுப் போயிடலாம்" என்று நினைத்துப் போனால் அன்று பகல் முழுக்கக் கண் சொருகும்.

கொழும்பு, கோலாலம்பூர் வழியாக மாறிப் போகும் டிக்கெட் என்றால் ஒவ்வொரு பறப்பையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, நடுவில் காத்திருக்கும் நேரத்தைச் சேருங்கள். இரண்டு மணிக்குக் குறைந்த இடைவெளியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

திரும்பி வரும் நாளுக்கு ஒரு வார்த்தை. இரவு 10.10-க்கு விமானம் இறங்கினால் பெட்டியோடு வெளியே வர 11 மணி ஆகிவிடும், மெட்ரோவை நம்ப முடியாது. தண்டையார்பேட்டைக்குக் கார் சொல்லிவிடுங்கள். அழைக்க வரும் மாமாவிடமோ தம்பியிடமோ டிக்கெட்டில் உள்ள 10.10-ஐச் சொல்லாமல், "பதினொரு மணிக்கு வெளியே வருவேன்" என்று சொல்லி, டிக்கெட்டில் உள்ள விமான எண்ணையும் அனுப்பி வையுங்கள். வீட்டிலிருந்து கிளம்பும் முன் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் விமானம் இப்போது வங்கக் கடலின் மேல் எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்கு இறங்கும் என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.